குடித்தவனுக்கும் வக்கீல் உண்டு

(இளைஞர்களுக்கான சட்டப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு நாள் இரவு வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டான். போலீஸ் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஏரியாடா?" ஏரியா பேரைச் சொன்னதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. "கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ" என்றார்கள். அப்படியே செய்தான். லைசென்ஸ் முடங்கியது, ஆட்டோவை ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். "கருவியில் என்ன அளவு காட்டியது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. யாரும் காட்டவில்லை, இவனும் கேட்கவில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. அப்படி ஓட்டும் வண்டிகளுக்கு முன்னால் நிற்பவர்கள் நடைபாதையில் தூங்குபவர்களும், விடியுமுன் தெரு கூட்டுபவர்களும்தான். அவர்கள் நம் மக்கள். ஆனால், தப்பு செய்தவனுக்கும் சட்டப்படிதான் தண்டனை தர வேண்டும். வசதியான வீட்டுப் பையன் மாட்டினால், அவன் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே வக்கீல் அங்கே நிற்கிறார். நம் பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். வேறுபாடு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இன் படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். அதுவும் சோதனையில் தெரிய வேண்டும். வாயில் வாடை வந்தது என்பது மட்டும் போதாது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டிலேயே பணம் வாங்கி முடித்துக்கொள்ளும் குற்றம் அல்ல இது. நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே, ஒத்துக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-ஐப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வக்கீல் இலவசம். வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. சுக் தாஸ் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குற்றம்சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதற்காக இந்த உதவியை மறுக்க முடியாது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நீதிபதியின் கடமை.

கைதானவர் தன் வக்கீலைக் கலந்து பேசும் உரிமை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. 1949 செப்டம்பரில் அதை அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அவரே ஒரு வக்கீல். நல்லவனுக்கு மட்டும் என்று அவர் அதை எழுதவில்லை.

குடிக்கிற அன்று வண்டியைத் தொடாதீர்கள். நண்பன் குடித்திருந்தால் சாவியை வாங்கி வையுங்கள். அதையும் மீறி அவன் மாட்டிக்கொண்டால், அவனைத் தனியாகக் கோர்ட்டுக்கு அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்.

ஜெய் பீம்.