மஞ்சள்தூள் விற்கக் கைபேசி

ஈரோட்டுப் பக்கம் விளைந்த மஞ்சளைத் தாங்களே அரைத்து விற்கிற குடும்பங்களுக்காக இன்று பேசுகிறேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018-ல் வந்தது. இறக்கிக்கொள்ளக் காசில்லை. அதிலுள்ள சரக்குப் பட்டியலில் படம், எடை, விலை மூன்றையும் போட்டுவிடுங்கள். 'விலைக்குப் பேசவும்' என்று எழுதாதீர்கள். பேச யாருக்குப் பொறுமை? படம் உங்கள் களத்திலேயே பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

ஒரே செய்தியை 256 பேர் வரை சேர்த்து அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே பொட்டலம் கொடுக்கும்போதே, "நம்ம நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்குங்க" என்று சொல்லிக் கொடுங்கள். தினமும் அனுப்பித் தொல்லை செய்ய வேண்டாம். புதிதாக அரைத்த அன்று அனுப்பினால் போதும்.

இனி முக்கியமான விஷயம். முகம் தெரியாத ஒருவர், "நூறு கிலோ வேணும், முன்பணம் அனுப்புறேன், இந்தக் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். யூபிஐ-யில் பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும்; வாங்க வேண்டியதே இல்லை. எண்ணைப் போட்ட மறுநொடி உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அப்படிப் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குக்கு மாறிவிடும்.