தச்சர் வேண்டும் கருவிகள்



இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதுவே ஒரு மரப் பட்டறை. அங்கே வேலை செய்பவர் இருவர். ஒருவர் அறுபது வயதைக் கடந்த ஆசாரியார். மற்றவர் அவருடைய தங்கை மகன், முப்பது வயது இருக்கலாம். என் வீட்டுப் புத்தக அலமாரிக்குக் கதவு செய்யச் சொல்வதற்காக ஒரு நாள் அங்கே சென்றிருந்தேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். "வாங்க வேண்டிய சாமானுங்க ஐயா" என்று இளைஞர் சிறிது கூச்சத்துடன் சொன்னார்.

முதலில் பிளானர்; அதன்கீழ் ரௌட்டர்; பிறகு பேட்டரி டிரில், ஜிக்சா, காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவி. இவை பெரிய எழுத்தில் இருந்தன. பலகையின் அடிப்புறத்தில் சிறிய எழுத்தில் வேறு சில: கிளாம்ப் ஆறு, நல்ல பிளேடு இரண்டு, தூசி உறிஞ்சி, மூக்குக் கவசம். இந்த நான்கின் மீது மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. மெஷின் இருந்தாத்தானுங்க வேலை வரும்" என்றார். அந்தப் பென்சில் கோட்டைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இளைஞரின் ஆசையைப் பழித்துரைக்க நான் வரவில்லை. தேக்கு நிலை ஒன்றைக் கையால் இழைப்பதை நீங்கள் அருகிருந்து பார்த்ததுண்டா? ஒரு முகத்தைச் சமன் செய்வதற்கே நூற்றுக்கணக்கான முறை இழைப்புளியைத் தள்ளி இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோளும் இடுப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். இப்படி நாற்பது ஆண்டுகள் உழைத்த ஆசாரியாரால் இப்போது வலக்கையைத் தலைக்குமேல் தூக்க இயலவில்லை. அவருடைய மருமகன் பிளானரைப் பட்டியலின் தலைப்பில் எழுதியதற்கு அந்தத் தோளே போதிய காரணம். உழைப்பின் கடுமையை அறியாதவர்களே கைவேலையின் அழகைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

இந்த ஆசை நிறைவேறத்தக்கதாக ஆனதே அண்மைக்காலத்தில்தான். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கே மின்சார உற்பத்தி தொடங்கியது. சேலத்துச் சமவெளியின் ஊர்களுக்குக் கம்பி வழியே ஆற்றல் வரத் தொடங்கிய காலம் அது. ஆனால் மின்சாரம் ஊருக்கு வந்த உடனே தச்சர் கைக்கு வந்துவிடவில்லை. கையில் பிடிக்கும் அளவுக்கு மோட்டார் சிறுக்க வேண்டியிருந்தது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தார் கையில் ஏந்தும் மின் துளைக்கருவியைச் செய்தனர். துப்பாக்கிபோல் பிடித்து, விரலால் விசையை அழுத்தும் அமைப்புக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. ஜப்பானிய நிறுவனமாகிய மகிட்டா 1958-இல் கையில் ஏந்தும் மின் இழைப்புளியை வெளியிட்டது.

ஜிக்சா பிறந்த கதை சுவையானது. சுவிட்சர்லாந்தில் ஆல்பெர்ட் காஃப்மன் என்னும் பொறியாளர், தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் ரம்பப் பல்லைப் பொருத்திப் பார்த்தாராம். 1946-இல் நிகழ்ந்ததாகச் சொல்வார்கள். ஊசி மேலும் கீழும் சென்று துணியைத் தைப்பதுபோல, ரம்பம் மேலும் கீழும் சென்று பலகையை வளைவாக அறுக்கிறது. இன்று கடையில் நீங்கள் காணும் ஜிக்சா அதன் வழித்தோன்றலே.

பட்டியலில் பேட்டரி டிரில் இருந்ததற்கும் காரணம் உண்டு. 2012-இல் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் மின் இணைப்பு இல்லாத மூன்றாம் மாடியில் கதவு மாட்டும் தச்சருக்கு, கம்பி இல்லாத கருவி ஆடம்பரமன்று.

ஆயினும் எல்லாத் தச்சருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது. இராசிபுரத்துக்குத் தெற்கே நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம். அங்கே தடித்த மரச்சட்டங்களை இரும்புச் சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு இறுக்க வேண்டும். தடித்த மரத்தில் ஆழமாகத் துளையிடுவதற்கு வேகம் வேண்டியதில்லை. மெதுவாகச் சுழன்றாலும் விடாப்பிடியாகத் திருகும் விசை வேண்டும். மிதிவண்டியில் மேட்டில் ஏறும்போது கியரை மாற்றுகிறோமே, அதே தத்துவந்தான். வேகம் மிகுந்த டிரில்லை அங்கே கொண்டு சென்றால் துரப்பணம் சூடேறி மரத்தைக் கருக்கிவிடும்.

இராசிபுரத்துக்குக் கிழக்கே, கொல்லிமலையின் வடபுறத்தில், தம்மம்பட்டி இருக்கிறது. வாகை முதலிய மரங்களில் தெய்வத் திருமேனிகளையும் கோயில் வாகனங்களையும் செதுக்கும் சிற்பிகள் வாழும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற கலை அது. பக்கத்திலுள்ள பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் இதே கலைக்காக 2020-இல் அக்குறியீட்டைப் பெற்றது. சிற்பிக்கு வேண்டாத மரத்தைக் கழித்துத் தள்ளுவதற்கு இயந்திரம் உதவும். ஆனால் முகத்துக்கு வரும்போது உளியைத்தான் எடுக்க வேண்டும். கணினிவழி இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் இப்போது கதவுகளில் பூவேலை செய்கின்றன. நூறு கதவிலும் பூ ஒன்றுபோலவே இருக்கிறது. மரத்தின் நரம்பு திரும்பும் இடத்தில் தானும் திரும்ப அதற்குத் தெரியாது. இது என் கருத்து. வேறுவிதமாக நினைப்பவர்களும் உளர்.

பட்டறைக்குத் திரும்புவோம். பட்டியலில் இல்லாத கருவி ஒன்று அங்கே தரையில் கிடந்தது. நான்கு அங்குலக் கட்டிங் மெஷின். இரும்பையும் கல்லையும் தேய்த்து அறுப்பதற்கென ஆக்கப்பட்டது. விலை மலிவு. அதன் தேய்ப்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் வைத்த மர ரம்பத் தகட்டைப் பொருத்தி ஒட்டுப்பலகை அறுப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். பல் வைத்த தகட்டுக்கு இடம் வேண்டுமென்று மேலிருக்கும் இரும்புக் காப்பையும் கழற்றிவிடுவார்கள். அந்தப் பட்டறையில் கழற்றிய காப்பில் ஆணிகள் போட்டு வைத்திருந்தார்கள்.

இதில் உள்ள ஆபத்தை நீங்கள் கணக்குப் போட்டே காணலாம். தகட்டின் குறுக்களவு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஆகவே சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. பெருக்கிப் பாருங்கள். பல்லின் நுனி வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல் செல்கிறது. அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஓர் ஆபத்தைக் கண்டு மனிதன் கையை இழுத்துக்கொள்ள வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் அந்தப் பல் 11 மீட்டர் தூரம் ஓடி முடித்துவிடும். எச்சரிக்கையாக இருப்பேன் என்பவருடைய எச்சரிக்கை, வேலை கெட்ட பிறகுதான் வந்து சேரும்.

தேய்ப்புச் சக்கரத்துக்குப் பல் இல்லை. அது பொருளைக் கவ்வாது, தேய்க்கும். ரம்பத்துக்குப் பல் உண்டு, அது கவ்வும். பாதி அறுத்த பலகை சற்றே வளைந்து தகட்டை நெருக்கினால், கவ்விய பல் மரத்தைத் தள்ள முடியாமல் கருவியையே பின்னோக்கித் தூக்கி எறியும். உரிய வட்ட ரம்பத்தில் இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. அடித்தட்டு பலகையின் மேல் படிந்து நிற்கும். அறுப்பு முடிந்ததும் கீழ்க்காப்பு வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ளும். விரலை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். கட்டிங் மெஷினிலோ விசை பெரும்பாலும் தள்ளி நிறுத்தும் வகை. கை நழுவினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆசாரியாருக்கு இடக்கை ஆட்காட்டி விரலில் மேற்கணு இல்லை. இது கட்டிங் மெஷின் செய்ததா என்று கேட்டேன். "இது வாய்ச்சி பண்ணதுங்க. வாய்ச்சி ஒரு கணுவோட நிறுத்திக்கும். இவன் வச்சிருக்கிறது கையையே கேக்கும்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தச்சர் மேசைமேல் நின்று வேலை செய்து பழகியவர் அல்லர். தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, கைகளால் அறுப்பவர், இழைப்பவர், உளி போடுபவர். கால்தான் அவருடைய கிளாம்ப். கைரம்பத்துக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. காசும் வேண்டாம், இடமும் வேண்டாம், மரத்தின் சிறு அசைவைக்கூடப் பாதம் உணர்ந்து சொல்லும். கருவி மாறிவிட்டது, பிடிக்கும் முறை மாறவில்லை. பாதத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் அதே 11,000 சுற்று ஓடுகிறது. கிளாம்ப் வாங்குவது என்பது, காலை அந்த இடத்திலிருந்து விடுவித்தல். அந்த ஆறு கிளாம்பின்மீதுதான் பென்சில் கோடு விழுந்திருந்தது.

கிளாம்பின் பயன் காப்போடு முடிவதில்லை. நேரான பலகை ஒன்றை இரண்டு கிளாம்பால் ஒட்டுப்பலகையின்மீது இறுக்கி, அதன் ஓரத்தை ஒட்டி வட்ட ரம்பத்தைத் தள்ளினால், விலையுயர்ந்த மேசை ரம்பம் அறுப்பதற்கு நிகராக நேர்க்கோடு கிடைக்கும். பிளேடும் அவ்வாறே. மரத்தை நீளவாக்கில் அறுக்கப் பல் குறைந்த தகடு வேண்டும். ஒட்டுப்பலகையின் மேற்பூச்சு சிதறாமல் அறுக்கப் பல் நெருங்கிய தகடு வேண்டும். மழுங்கிய தகட்டைப் போட்டு அழுத்தித் தள்ளுபவருக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. அழுத்தித் தள்ளும்போதுதான் கையும் வழுக்குகிறது.

இயந்திரமே விரலை உணர்ந்து நிற்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்னும் அமெரிக்கர் 1999-இல் இதைக் கண்டார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் கடத்தாது. தகட்டில் மெல்லிய மின்குறி ஒன்றை ஓடவிட்டு, விரல் பட்டு அது மாறிய கணமே ஒரு தடைக்கட்டையைப் பல்லுக்குள் பாய்ச்சி நிறுத்துகிறார்கள். வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு நேரமே ஆகிறது. விலை, நம் கொட்டகைக்கு எட்டாதது.

இனி, தூசி. இழைப்புளியிலிருந்து விழுவது சுருள். பெருக்கி அள்ளி அடுப்புக்குப் போடலாம். மின் தேய்ப்பானிலிருந்து எழுவது தூள். அது விழுவதில்லை, மிதக்கிறது. மரத்தூளால் மூக்கிலும் அதனை அடுத்த எலும்புக்குழிகளிலும் புற்றுநோய் உண்டாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. அழுத்தப் பலகைகளை ஒட்டும் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் அதே முகமை 2004-இல் அவ்வரிசையில் சேர்த்தது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நம் வழக்கம். அது சுருளைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. 2020-இல் கொள்ளைநோய்க்காக நாம் எல்லோரும் அறிந்துகொண்ட என்-95 கவசமே இங்கும் வேண்டுவது. பட்டியலில் மிகக் குறைந்த விலைப் பொருள் அதுதான், அதையும் அடித்திருந்தார்.

ஏன் அடிக்கிறார்கள்? அறியாமையால் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், அது நியாயமாகாது. பிளானரால் இன்று மாலைக்குள் வேலை முடியும், கூலி வரும். கிளாம்பால் வந்த இலாபம் என்ன என்று கேட்டால், நடக்காமற்போன ஒன்றைத்தானே காட்ட வேண்டும்? நடக்காததற்கு யார் காசு கொடுப்பார்? வேலை கொடுக்கும் நம்மிலும் எத்தனை பேர் கவசத்துக்கும் கிளாம்புக்கும் சேர்த்துக் கூலி பேசுகிறோம்? நானும் பேசியதில்லை.

கருவி வாங்க அரசின் உதவிகள் உண்டு. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம், தச்சர் உள்ளிட்ட 18 வகைத் தொழிலாளருக்குக் கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை வகுத்தது. தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்காமல், 25 வகைத் தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் அதில் வகுக்கப்பட்டன. இத்தகைய கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, எவற்றை வாங்கப் போகிறோம் என்று கடையில் விலைப்பட்டியல் பெற்று இணைக்க நேரும்.

அந்த விண்ணப்பங்களைப் பல வீடுகளில் எழுதுவது நீங்கள்தாம். தந்தையோ மாமனோ சொல்லச் சொல்ல, கல்லூரிக்குச் செல்லும் மகனோ மகளோ கணினியில் நிரப்புகிறீர்கள். அப்போது கடைக்காரரிடம் வட்ட ரம்பத்துக்கே விலை கேளுங்கள். அதன் கீழ்க்காப்பு தானே மூடுகிறதா என்று கையால் இயக்கிப் பாருங்கள். கருவியின் உடலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் பொறித்திருந்தால், அது இரட்டைக் காப்பிட்டது. நிலக்கம்பி இல்லாத இடத்திலும் அதிர்ச்சிக்கு அஞ்ச வேண்டியது குறைவு. பிறகு, ஆறு கிளாம்பையும் இரண்டு பிளேடையும் ஒரு பெட்டி மூக்குக் கவசத்தையும் அதே பட்டியலில், மெஷினுக்கு மேலே, முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். கீழே எழுதினால் தொகை கூடும்போது அடித்துவிடுவார்கள்.

என் அலமாரிக் கதவுக்குக் கூலி பேசும்போது கிளாம்புக்கும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். இளைஞர் மாமனைப் பார்த்தார். "வாங்கிக்கடா, ஐயா சொல்றாங்கல்ல" என்றார் ஆசாரியார். கதவு வந்து மூன்று மாதம் ஆகிறது. நான்கு கிளாம்பு வாங்கியிருக்கிறார்கள், இரண்டு பாக்கி.