குறையாத முதல்



தஞ்சைப் பெரிய கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லும் கணக்கு இது. பசுவாகக் கொடுத்தால் 48, எருமையாகக் கொடுத்தால் 16. பெற்றுக்கொண்ட இடையர், விளக்கொன்றுக்கு நாளும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு மூப்படையும், சாகும், குட்டியும் போடும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்வது இதனால்தான். கொடுத்தவர் பெயரோடு, ஆட்டை ஏற்ற இடையர் பெயரும் கல்லில் இருக்கிறது. காசாகக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தக் காசை ஊர்ச்சபைகள் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதம் வட்டி கட்டின.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அப்பா நினைவாக, அவர் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் பரிசு கொடுக்க, 1990-இல் ஒருவர் 5,000 ரூபாயை வங்கியில் போட்டதாக வைத்துக்கொள்வோம். பத்து சதவீத வட்டியில் 500 ரூபாய் வந்தது. ஒரு பிள்ளைக்கு நல்ல உதவி. இன்று ஏழு சதவீதம் என்றால் 350 ரூபாய். ஒரு கைடு வாங்கவே இழுபறி. முதல் அப்படியே இருக்கிறது. அதன் மதிப்புதான் கரைந்துவிட்டது. நெய்யாக அளந்த இடத்தில் விலைவாசி வாலாட்ட முடியவில்லை. ரூபாயில் அறக்கட்டளை வைப்பவர்கள், வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டால், மீதி 15 சதவீதத்தைச் சேர்த்துவைக்க வருமான வரிச் சட்டமே இடம் கொடுக்கிறது.

அடுத்து, நம் முதல் எங்கே உழைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் லாபத்தில் கண் சிகிச்சை முகாமுக்கு நன்கொடை தருகிறோம். அந்த ஃபண்ட் பணம் போட்டிருப்பதோ, ஆற்றில் கழிவை விடும் ஆலையில் என்றால், கொடுத்த கையாலேயே பறித்தது போலத்தான். தண்ணீர், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு பற்றிப் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பது, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் வைத்திருக்கும் விதி. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பணம் போடுமுன் ஒரு புரட்டு புரட்டுங்கள்.

நன்கொடை கொடுக்கும் இடத்திலும் மூன்று கேள்வி போதும். பணம் யார் பொறுப்பில் இருக்கும்? ஆண்டுக்கு என்ன வேலை நடக்கும்? தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவீர்களா? கேட்டதும் முகம் சுளித்தால், வேறு இடம் பார்க்கலாம். கணக்குக் கேட்பதும் தருமத்தில் சேர்த்திதான்.