வருவோர் செலவும் ஊரின் வரவும்

(கீழச்சிவல்பட்டியில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகர அமைப்பைப் பற்றியும், வெளியூரிலிருந்து வருவோர் செய்யும் செலவைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நகர அமைப்புக்கும் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்தப் பகுதியில் பிறந்தவர்கள் அக்கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. நூல் பிடித்தாற்போல் ஓடும் வீதிகளும், ஒரு வீதியில் தலைவாசலும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளும், கோயிலும் ஊருணியும் அமைந்திருக்கும் இடமும், முன்னோர்கள் ஆழ்ந்து யோசித்து ஊர் அமைத்தார்கள் என்பதற்குச் சாட்சிகளாக நிற்கின்றன. செட்டிநாட்டில் இத்தகைய ஊர்கள் எழுபதுக்கு மேல் உள்ளன. பட்டணங்கள் பல திட்டமின்றி வளர்ந்திருக்க, இவை கிராமங்களாக இருந்துகொண்டே நகரத்தின் அமைப்பைப் பெற்றவை.

அந்த அமைப்பின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. இது வற்றாத ஆறு பாயும் சீமையன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் செம்மண் பூமி. ஆகையால், வளவில் விழுந்த மழைநீர் வீட்டு வடிகால் வழியே தெருவுக்கும், தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கும் சென்று சேருமாறு ஊரை அமைத்தார்கள். வீட்டின் கூரை, தெருவின் சரிவு, ஊருணியின் வரத்துக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே ஏற்பாடு. அவற்றுள் ஒன்றை அடைத்தால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். இக்காரணங்களை எல்லாம் கருதியே, செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உத்தேசப் பட்டியல் என்பது வாயிற்படிதான். உள்ளே நுழைந்துவிட்டதாகப் பொருளன்று.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து பணம் வருவது இந்தச் சீமைக்குப் புதியதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டுதான் இந்த மாளிகைகள் எழுந்தன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி பர்மாத் தேக்குக்கும் இத்தாலியப் பளிங்குக்கும் ஊரைத் தொடாமலே வெளியேறியது. மற்றொரு பகுதி செங்கல் சூளைக்கும், சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும், தச்சர்களுக்கும், ஸ்தபதிகளுக்கும், ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கற்கள் செய்தவர்களுக்கும் கூலியாயிற்று. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பின்னர் அந்நாட்டு அரசு நிலங்களையும் வாணிபத்தையும் நாட்டுடைமையாக்கியது. ஊற்று வறண்டது, வீடுகள் பூட்டப்பட்டன. ஆனால் ஆத்தங்குடித் தரைக்கல் தொழில் இன்றும் நடக்கிறது. தேக்கு தந்த காடுகளுக்கும் நமக்கும் இன்று தொடர்பில்லை; கூலியாக ஊரில் தங்கிய பணமோ ஒரு தொழிலாக நிலைத்துவிட்டது. வருவோர் செலவைப் பற்றி நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இதில் அடங்கிவிடுகிறது.

இப்போது யார் வருகிறார்கள்? ‘டூரிஸ்ட்’ என்றதும் தோளில் காமிராவைத் தொங்கவிட்ட வெள்ளைக்காரர் ஒருவரே நம் கண்முன் தோன்றுகிறார். அவரும் வருகிறார், காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகளில் அமைந்த விடுதிகளில் தங்குகிறார். ஆனால் மத்திய அரசின் மாதிரி ஆய்வு நிறுவனம் 2014 ஜூலை முதல் 2015 ஜூன் வரை நடத்திய உள்நாட்டுப் பிரயாணச் செலவு ஆய்வைப் பாருங்கள். இராத் தங்கிச் செல்லும் பிரயாணங்களில் பெரும்பாலானவை உறவினர் வீடு, திருமணம் முதலிய காரியங்களுக்காகவே செய்யப்படுகின்றன என்று அது காட்டியது. நம் அனுபவமும் அதுதானே? இந்த ஊர்களுக்கு வருவோரில் முதல் வரிசையில் நிற்பவர்கள் இவ்வூர்ப் பிள்ளைகளே. படைப்புக்கும் கும்பாபிஷேகத்துக்கும், திருமணத்துக்கும் மணிவிழாவுக்கும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். அடுத்தபடியாக, இளையாற்றங்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் வயிரவன்பட்டிக்கும் செல்லும் பக்தர்கள். மூன்றாவதாகத்தான் மாளிகைகளைப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகள்.

இம்மூவரும் ஒரே வகையாகச் செலவு செய்வதில்லை. கல்யாணத்துக்கு வருபவர் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர், பூக்காரர், பால்காரர் எல்லோரையும் தேடுகிறார். மூன்று நாள் தங்குகிறார். வீட்டைத் துடைத்து வெள்ளையடிக்க ஆள் வைக்கிறார். பக்தர் சிறு தொகையே செலவிடுவார். ஆனால் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருப்பார். உல்லாசப் பிரயாணியின் கையில் பணம் மிகுதி. ஆனால் அது பெரும்பாலும் விடுதிக்கும் வண்டிக்கும் ஏற்பாட்டாளருக்கும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மதுரையில் வண்டி அமர்த்தி, காரைக்குடியில் உண்டு, வழியில் நம் வீதியில் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துச் செல்பவரால் ஊருக்குக் கிடைப்பது என்ன? ஒரு காலித் தண்ணீர்ப் புட்டி. அதை அள்ளும் செலவும் ஊராட்சியைச் சேர்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகத் திருப்பத்தூருக்குச் செல்லும் சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணி மகிழ்வதில் பயனில்லை. எத்தனை வண்டிகள் நின்றன, நின்றவர்கள் யாருடைய கையில் காசு கொடுத்தார்கள் என்பதே கணக்கு.

விவசாயிகளும் இதைக் கவனிக்க வேண்டும். விடுதிச் சமையலறையிலும் கல்யாணச் சமையலிலும் அரிசி, காய்கறி, முட்டை, பால், தேங்காய், கடலை ஆகியவை நாள்தோறும் வேண்டியிருக்கின்றன. செட்டிநாட்டுச் சமையல் என்று புகழப்படுகிற உணவுக்கு வேண்டிய பொருள்கள் தொலைதூர மொத்த மார்க்கெட்டிலிருந்து லாரியில் வந்தால், புகழ் நமக்கு, பணம் பிறருக்கு. விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, இன்ன நாளில் இன்ன பொருள் இவ்வளவு தர இயலும் என்று எழுதிக் கொடுத்து, தவறாமல் கொடுத்தால், சமையற்காரர் ஏன் வேறிடம் போகிறார்? தவறாமல் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இந்த வகை முயற்சிகள் பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில் முறிவது அந்த இடத்தில்தான். பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களுக்கு அவர்களுடைய கைவேலை புவிசார் குறியீடு பெற்றுத் தந்துள்ளது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் அதைப் பெற்றது. குறியீடு போலியைத் தடுக்கும், வாங்குபவரை அழைத்துவராது.

இதற்கு நேர்மாறான வியாபாரம் ஒன்றும் நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் நிலைகளும் மரவைகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன. விற்பவரை நான் குறை கூறவில்லை; பொருள் தெருவில் எறியப்படாமல் எங்கேனும் ஒரு வீட்டில் வாழ்கிறதே என்ற ஆறுதலும் உண்டு. எனினும் கணக்கை எண்ணிப் பாருங்கள். நின்ற வீடு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பவருக்கும் ஓடு மாற்றுபவருக்கும் காவல்காரருக்கும் கூலி தரும். பிரித்த வீடு ஒருமுறை பணம் தரும். அப்பணமும் பங்குதாரர்கள் வசிக்கும் பட்டணங்களுக்குப் போகும். ஊருக்கு மிஞ்சுவது ஒரு காலிமனை. அந்த வீட்டின் மழைநீரும் அன்றிலிருந்து ஊருணிக்கு வருவதில்லை.

இங்கேதான் கடினமான விஷயம் ஒன்று இருக்கிறது. வீடுகளின் உடைமையாளர்கள் பலர் ஊரில் இல்லை. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். அவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஊரில் வாழ்கின்றவர்களோ, கிராம சபையில் கை தூக்கும் உரிமை பெற்றவர்களோ, பெரும்பாலும் அந்த வீடுகளுக்கு உடைமையாளர்கள் அல்லர். வீட்டைப் பற்றி முடிவு செய்பவர் ஊரில் இல்லை; அம்முடிவின் விளைவை அனுபவிப்பவருக்கு வீடு இல்லை. ‘அவர்கள் மாளிகைக்கு நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?’ என்று ஒரு விவசாயத் தொழிலாளி கேட்டால், அதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். மாளிகை அவர்களுடையதுதான். ஆனால் வீதியும் வடிகாலும் ஊருணியும் ஊர் முழுவதற்கும் சொந்தம். மாளிகையைப் பார்க்க வருபவர் வீதியில் நடந்துதான் வர வேண்டும். கொடுப்பதற்கு ஊராரிடமும் ஒரு பொருள் இருக்கிறது என்பது இதன் பொருள். அதற்கு விலை பேசும் உரிமையும் உண்டு.

மக்கள் சேர்ந்து ஊரைத் திருத்தியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் 1914-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்து அகலச் சாலை போடுவதே அபிவிருத்தி என்று பொறியாளர்கள் நம்பியிருந்த காலம் அது. கெட்கும் பாகத்தை மட்டும் அகற்றி நல்லதைக் காப்பதே சிக்கனமானது என்று அவர் வாதாடினார். 1917-ஆம் ஆண்டு வாக்கில் இந்தூர் சமஸ்தானம் அவரை அழைத்தது. அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது என்றும், எந்தத் தெருவார் தம் வீடுகளையும் தெருவையும் நன்கு துப்புரவு செய்கிறார்களோ அவர்கள் தெரு வழியே செல்லும் என்றும் அவர் அறிவிக்கச் செய்தார். ஊர் முழுவதும் குப்பை அகன்றது, வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன. நம் ஊர்களில் சுவாமி புறப்பாடு செல்லும் வீதியை அதற்கு முன்தினம் எவ்வளவு சுத்தமாக்கி வைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் கண்டது நாம் அறியாத வித்தையன்று என்பது விளங்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அருகிலுள்ள குன்றக்குடியில், தவத்திரு குன்றக்குடி அடிகளார் 1970-களின் பிற்பகுதியில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரின் துணையுடன் கிராமத் திட்டம் ஒன்றை நடத்தினார். ஊராரும் விஞ்ஞானிகளும் வங்கியினரும் ஒரே இடத்தில் அமர்ந்து, இவ்வூரில் என்ன பொருள் உண்டு, என்ன தொழில் ஏற்கும் என்று ஆராய்ந்தார்கள். அது நாடு முழுவதும் பேசப்பட்டது. மேலிருந்து வந்த திட்டத்துக்கு ஊரார் கையெழுத்துப் போடுவது வேறு. ஊரார் எழுதிய திட்டத்துக்கு மேலிருந்து உதவி வருவது வேறு.

அந்த இரண்டாவது வகைக்குச் சட்டமும் இப்போது இடம் தருகிறது. அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்று ஏற்பட்டிருக்கிறது. வண்டிகள் நிற்கும் இடத்துக்கும் சந்தைக்கும் கட்டணம் வசூலிக்க ஊராட்சிக்கு வழி உண்டு. நிழல், கழிப்பிடம், குடிநீர் மூன்றும் உள்ள ஒரு வண்டி நிறுத்துமிடம் ஊர் எல்லையில் இருந்தால், பேருந்தில் வருபவர்கள் அங்கே இறங்கி நடப்பார்கள். நடப்பவரே காசு செலவு செய்பவர். வண்டியில் இருந்தபடியே பார்ப்பவர் செய்வதில்லை. வசூலாகும் கட்டணம் பொதுச் செலவில் கரைந்துவிடாமல், ஊருணிக்கென்று தனியே கணக்கு வைத்து, கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

மனைப்பிரிவு விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாயிற்று. சாலையோர நிலங்களுக்கு மதிப்பு ஏறுகிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. எனினும் எந்த மனைப்பிரிவு எந்தக் கண்மாயின் வரத்துக்காலை மறிக்கிறது என்பது நகர ஊரமைப்பு அலுவலகத்து மேஜையிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. கடைமடையில் உழுகிறவருக்கு உடனே தெரியும். அவர் எழுந்து சொல்ல வேண்டிய இடம் கிராம சபை. சொல்ல வேண்டிய காலம் கல் நடுவதற்கு முன்.

ஆகையால் ஒரு சிறு காரியத்தோடு தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக்கு முன்னால், ஒரு மழை நாளில், தெருவுக்கு இருவராகக் குடையுடன் புறப்பட்டு, தண்ணீர் எந்த வழியாக ஊருணிக்குப் போகிறது, எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று பார்த்து ஒரு தாளில் படம் போட்டு வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அந்தப் படத்தைக் கிராம சபையில் விரித்து வைத்துத் தீர்மானம் எழுதுங்கள். ஒரு நகலை, அடுத்த படைப்புக்கு ஊருக்கு வரும் வீட்டுக்காரர்களிடமும் கொடுங்கள். அடைப்பு அவர்கள் வீட்டு வாசலில் இருந்தால், அவர்கள் ஊரில் இருக்கும் அந்த மூன்று நாட்களுக்குள் அவர்களையும் கூட அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள்.