மோதகச் செப்பும் மண் திரியும்

இலக்கியம் பேசும் இடத்தில் களிமண்ணுக்கு என்ன வேலை என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். "வகுப்பில் செய்வதையே சொல்லுங்கள்" என்றார்கள். சொல்கிறேன்.

நான் லண்டனில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் கலை ஆசிரியை. 14 முதல் 16 வயது வரையான பிள்ளைகள் ஜிசிஎஸ்இ தேர்வுக்காக என்னிடம் மண்வேலை பழகுகிறார்கள். சக்கரம் கிடையாது, கைதான். உருண்டையின் நடுவே கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி எடுக்கலாம். மண்ணைத் திரியாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றலாம். சப்பாத்தி போலப் பரப்பி, தகடாக வெட்டி ஒட்டலாம். முதலாவதைச் செய்துகாட்டியபோது ஒரு மாணவி, "மிஸ், இது அம்மம்மா மோதகத்துக்குச் செப்புப் பிடிக்கிற மாதிரி" என்றாள். விளிம்பு வெடித்தால் விரலை நனைத்துத் தடவ வேண்டும் என்பது அவளுக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது.

மண்வேலையில் பாதி, பதம் அறிவதுதான். சற்று உலர்ந்து இறுகிய மண்ணை ஆங்கிலத்தில் தோலோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். பாகுக்கும் மாவுக்கும் பதம் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஒட்டப்போகும் இரண்டு துண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்த வேண்டும். ஈரமும் உலர்ந்ததும் ஒட்டினால், காயும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி விரிசல் விடும்.

சூளையில் பாத்திரம் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழிதான் காரணம் என்று பல ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். காற்று மட்டும் அதைச் செய்யாது. உள்ளே மிஞ்சிய ஈரம் 100 பாகை தாண்டி நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது. தடித்த சுவரும் அவசரமும்தான் குற்றவாளிகள். தேர்வின் இறுதிப் பணிக்கு மேற்பார்வையில் 10 மணி நேரம் தருகிறார்கள். மண்ணுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கென்யாவில் பிறந்து 1971இல் இங்கிலாந்துக்கு வந்த மக்டலீன் ஒடுண்டோவின் பாத்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். சக்கரமில்லாமல் கட்டி, மெருகுப்பூச்சு இல்லாமல் தேய்த்தே பளபளப்பாக்கியவை. நைஜீரியக் குயவர் லாடி குவாலியையும் காட்டுவேன். அவர் உருவம் அந்நாட்டு 20 நைரா தாளில் இருக்கிறது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஒரு குயவரைப் பணத்தாளில் போட்ட நாடு!

நம் வேளார்கள் ஆளுயரத்துக்கும் மேலாக ஐயனார் குதிரை செய்கிறார்கள். உள்ளே கூடாக, கையாலேயே கட்டி, திறந்தவெளியில் சுட்டு எடுக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு சாண் உயரம் ஏற்றவே ஒரு மாதம் ஆகிறது. நாமோ கீழடிப் பானை ஓட்டின் படத்தைப் பெருமையோடு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். பாடம் தெரிவுசெய்யும் மாலையில், "மண் பிசையவா இந்த நாட்டுக்கு வந்தோம்?" என்று மகனிடம் கேட்போம். கேட்டவரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர். அந்த முகச்சுளிப்புக்குள் சாதியும் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மகன் பிடிவாதமாகச் சேர்ந்தான். பேச்சுக் குறைந்த பையன். ஆறு வாரம் திரி சுற்றி ஒரு குடம் கட்டினான். ஒரு விடுமுறைக்குப் பின் காய்ந்துபோன கழுத்தின்மேல் ஈரத் திரியை ஏற்றினான். கழுத்தைச் சுற்றி விரிசல் ஓடியது. மண்ணைக் கரைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்றேன். மறுத்துவிட்டான். விரிசல் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீண்டது என்று குறிப்பேட்டில் வரைந்தான், பக்கத்தில் தேதியும் போட்டான். வழிமுறையைப் பதிவுசெய்வதற்கும் மதிப்பெண் உண்டு. அவன் அதற்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நன்றாக உலரவிட்டு, 1000 பாகையில் சுட்டோம். உடையவில்லை.

கண்காட்சிக்குத் தகப்பனார் வேலை உடையிலேயே வந்தார். குடத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் பானை வாங்கும்போது எல்லோரும் செய்வதுதான். விரிசல் விட்ட பானையின் சத்தம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"தண்ணி நிக்காது, அப்பா" என்றான் பையன்.

"தெரியுது" என்றார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.