சேப்பாக்கத்தின் கடைசி ஓவர்

1986 செப்டம்பர் 22, சென்னை சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், ஐந்தாம் நாள், கடைசி ஓவர். இந்தியாவின் வெற்றி இலக்கு 348. இன்னும் 4 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரோடு பந்து வீசினார் கிரெக் மேத்யூஸ். ரவி சாஸ்திரி 2 ரன், அடுத்து 1 ரன் எடுத்தார். ஸ்கோர் சமம். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட, நடுவர் விரலை உயர்த்திவிட்டார். ஆட்டம் டை! அதற்கு முன் டெஸ்டில் இப்படி முடிந்தது 1960-இல், பிரிஸ்பேனில் மட்டும்தான்.

என்னைக் கேட்டால், அந்த டெஸ்டின் நாயகன் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ். சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் குவித்தார். பிறகு மருத்துவமனையில் அவருக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.