கையெழுத்து யாருடையது?



சாத்தம் ஒரு சின்னத் தீவு. ஒரு பாலம் அதை நகரத்தோடு சேர்க்கிறது. 1883ல் தொடங்கிய மர ஆலை இங்கேதான் இருக்கிறது. படகுத்துறையும் இங்கே உண்டு. எதிர்க்கரையில் பம்பூ பிளாட். அங்கிருந்து வரும் படகில் வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வருகிறார்கள்.

அந்தப் படகில் ஒரு பெண் வருவதாக நினைத்துப் பாருங்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அதற்குள் மறுபடியும் தரித்துவிட்டது. உடம்பில் ரத்தம் போதவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. கணவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். கரைக்கு வரப் பல நாள் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவள் மெல்லக் கேட்கிறாள்.

"அக்கா, கலைக்கணும்னா வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமாமே?"

"வேண்டாம் தங்கச்சி. உன் கையெழுத்தே போதும்."

"யாருக்கா சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

அக்கா சொன்னது உண்மை. 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும். அதற்கு 'சி' படிவம் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் வேண்டாம். மாமியார் வேண்டாம். தகப்பனார் வேண்டாம். 18 வயது ஆகாத பெண்ணுக்கும், மனநோய் உள்ள பெண்ணுக்கும் மட்டும் பாதுகாவலரின் சம்மதம் தேவை.

இந்தச் சட்டம் 1971ல் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பல பெண்களுக்கு இது தெரியாது. ஏன்?

முதலில் பழைய கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரர்கள் 1860ல் ஒரு குற்றச் சட்டம் எழுதினார்கள். தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் சிறை என்றார்கள். கலைத்தவருக்கும் தண்டனை. கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை. அதனால் கரு கலைவது நின்றதா? இல்லை. அது மறைவுக்குப் போயிற்று. பெண்கள் டாக்டரிடம் போகப் பயந்தார்கள். எருக்கங்குச்சியை உள்ளே செலுத்தினார்கள். கண்ட மருந்தையும் குடித்தார்கள். கர்ப்பப்பை புண்ணாயிற்று. சீழ் பிடித்தது. பலர் செத்தார்கள். யாரும் அதை வெளியே சொல்லவில்லை.

1964ல் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. மகாராஷ்டிரத்தின் சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா அதன் தலைவர். குழு கருத்துக் கேட்டது. 1966ல் அறிக்கை தந்தது. பெண்களின் உயிரைக் காக்க, நல்ல மருத்துவமனையில், பயிற்சி பெற்ற டாக்டர் இதைச் செய்ய வழி வேண்டும் என்றது. அதன் பிறகுதான் 1971ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் போதுமா? தாளில் இருக்கும் சட்டம் தானாகக் குடிசைக்கு வராது. யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் சில பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். 1978ல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. அதில் கிராமப் பெண்கள் சிலர் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளாகச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். கூலி வேலைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இரவில் வகுப்பு நடக்கும். அங்கே பெண்கள் 'அ', 'ஆ' எழுதிக்கொண்டே தங்கள் கஷ்டத்தையும் பேசினார்கள். அடி, பசி, பிரசவம், வெள்ளைப்படுதல், கலைந்த கரு எல்லாம் வெளியே வந்தன.

1981ல் அந்தப் பெண்களும், டி.கே.சுந்தரி ரவீந்திரன் என்பவரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மொத்தம் 13 பேர். அது கிராமப்புறப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம். 'ருவ்செக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெண் உடம்பு எப்படி இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று படம் காட்டிச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொன்னார்கள். பிறகு ஆண்களிடமும் பேசினார்கள். 1995ல் பெண்களுக்காக ஒரு மருத்துவமனையும் தொடங்கினார்கள். எழுத்து வகுப்பில் தொடங்கிய வேலை மருத்துவமனை வரை வந்தது!

அவர்கள் கிராமப் பெண்களையும் கணவர்களையும் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2004ல் வெளிவந்தது. அதில் ஒரு கசப்பான உண்மை தெரிந்தது. கருவைக் கலைக்கக் கணவர் சரி என்கிறார். ஆனால் "இன்று வேண்டாம்" என்று மனைவி சொன்னால் கேட்பதில்லை. கருத்தடை முறைக்கும் ஒத்துவருவதில்லை. வேண்டாத கரு எங்கிருந்து வருகிறது என்பதை இது காட்டுகிறது. ஆகவே இது பெண்ணின் பிரச்சினை மட்டும் அல்ல. ஆண்களும் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய பிரச்சினை.

டாக்டர்களும் போராடினார்கள். 2008ல் மும்பையில் ஒரு கர்ப்பிணி ஆறாம் மாதத்தில் ஸ்கேன் செய்தார். குழந்தையின் இதயத்தில் பெரிய கோளாறு என்று தெரிந்தது. அப்போது சட்டம் 20 வாரம் வரைதான் அனுமதித்தது. அவரும் கணவரும் டாக்டர் நிகில் தாதரும் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. டாக்டர் விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். மற்றவர்களும் குரல் கொடுத்தார்கள். 2021ல் சட்டம் திருத்தப்பட்டது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். தாயின் உயிருக்கு ஆபத்து, உடம்புக்கோ மனத்துக்கோ பெரும் பாதிப்பு, குழந்தைக்குக் கடுமையான குறை, பலாத்காரம், கருத்தடை தவறியது, இவை காரணங்கள். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு இது உண்டு. பேரிடரில் சிக்கியவர்களுக்கும் உண்டு. 2004 சுனாமியைப் பார்த்த தீவுகளுக்கு இந்த வரியின் அருமை தெரியும். 24 வாரத்துக்கு மேல், குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டுமானால் வாரக் கணக்கு இல்லை.

கல்யாணம் ஆகாத பெண்? 2022ல் ஒரு பெண் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார். அவருக்கு 25 வயது. உடன் வாழ்ந்தவர் கைவிட்டுவிட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி தரவில்லை. உச்ச நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் 29ல் முழுத் தீர்ப்பு வந்தது. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பாகுபாடு கூடாது என்றது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று, சட்டத்தில் இல்லாத நிபந்தனையை டாக்டர்கள் போடக் கூடாது என்றும் சொன்னது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. பெண்ணின் சம்மதத்தோடு டாக்டரின் கருத்தும் சட்டத்துக்கு வேண்டும். ஆரம்ப வாரங்களிலாவது பெண்ணின் முடிவே போதும் என்று ஆக்க வேண்டும். இதைத்தான் பெண் உரிமைக்காக உழைப்பவர்கள் கேட்டு வருகிறார்கள்.

தீவில் வாழ்பவர்கள் ஒன்றை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. வெளித்தீவிலிருந்து வரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நாள் போய்விடும். கடல் மோசம் என்பதால் வாரக் கணக்கு நிற்காது. ஆகவே மாதவிலக்கு வந்த முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் அந்த நாளிலிருந்துதான் வாரம் எண்ணுவார். நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதனை செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு.

எங்கே போவது? அரசு மருத்துவமனைக்குப் போகலாம். போர்ட் பிளேயருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கே ஜி.பி.பந்த் மருத்துவமனை இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாகச் சொன்னால் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

9 வாரம் வரை மாத்திரையாலும் கலைக்கலாம். ஆனால் டாக்டர் பார்த்துத் தர வேண்டும். டாக்டரைப் பார்க்காமல் கடையில் வாங்கித் தின்னாதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் அதிகமாகப் போனாலும், காய்ச்சல் வந்தாலும், வயிற்றுவலி தாங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பது வேறு. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பெண்ணைக் காக்க வந்த உரிமையைப் பெண்ணை அழிக்கப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளை பெற வேண்டும் என்று விரும்பும் பெண்ணைக் கலைக்கச் சொல்லி வற்புறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை. பெறுவதும் பெறாததும் அவள் முடிவு.

படகு சாத்தம் துறையைத் தொடுகிறது. அந்தப் பெண் இறங்குகிறாள். அக்கா கேட்கிறாள்.

"கையெழுத்துப் போடத் தெரியுமா தங்கச்சி?"

"போன வருஷம் கத்துக்கிட்டேன் அக்கா."

"அப்புறம் என்ன? வா, பஸ் வந்திருச்சு."